சுவருக்கு அந்தப் பக்கத்துச் சிரிப்பு

செப்டம்பர் 23, செவ்வாய் – வியன்னா

மகன் வீட்டுக்கு வந்து ஆறு வாரமாகிறது. எனக்கு ஒதுக்கியிருக்கும் அறையின் சுவருக்கு அந்தப் பக்கம், 92 வயதுப் பாட்டி ஒருவர் படுத்த படுக்கையாக இருக்கிறார். பகலும் இரவும் அவரைப் பார்த்துக்கொள்ள ஸ்லோவாக்கியாவிலிருந்து ஒரு பெண் வந்து தங்குகிறார். இரண்டு வாரம் இவர், அடுத்த இரண்டு வாரம் இன்னொருவர், மறுபடியும் இவர். இந்த ஊரில் முதியவர்களுக்குத் துணையிருக்க இப்படி முறைவைத்து எல்லை தாண்டி வருகிற ஸ்லோவாக்கியப் பெண்கள் ஏராளம். தம் வீட்டுக் கிழவர்களை அங்கே யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்கக் கூடாது. நான் கேட்டேன். "நாய்தான்" என்றார்.

தினமும் இரவு ஏழரை மணிக்குச் சுவர் வழியே ஒரு கிழவியின் குரல் கேட்கும். அவசரமில்லாத, கொஞ்சம் கரகரத்த குரல். ஒரு நிமிடம் பேசும், நிற்கும். அந்த இடைவெளிக்குப் பிறகு இரண்டு பேர் சிரிப்பார்கள். ஒருவர் பெரிதாக, இன்னொருவர் இருமலோடு. மறுபடியும் குரல், மறுபடியும் சிரிப்பு. இரண்டாவது வாரத்தில் நான் என்னையறியாமல் ஏழரைக்குக் கட்டிலில் போய் உட்கார ஆரம்பித்தேன். மருமகள் இதைக் கவனித்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை.

போன வாரம் லிப்டில் மாட்டியபோது அந்தப் பெண்ணைக் கேட்டேவிட்டேன். எனக்கு அரைகுறை ஜெர்மன், அவருக்கு வேலைக்கான ஜெர்மன். கைப்பேசியைத் திறந்து காட்டினார். மேடையில் ஒரு கிராமத்துப் பாட்டி. "தெதா கோல்நீகோவா" என்றார். தெதா என்றால் அத்தை. வயதில் மூத்த எந்தப் பெண்ணையும் அங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

கத்தரீனா கோல்நீகோவா 1921இல் பிறந்து 2006இல் மறைந்த நகைச்சுவை நடிகை. நடிப்பைப் பள்ளியில் படித்தவரல்லர். மேற்கு ஸ்லோவாக்கியாவில் ரதோஷினா என்கிற கிராமத்தில் 1963இல் ஸ்தானிஸ்லாவ் ஷ்தெப்கா என்ற பத்தொன்பது வயது இளைஞர் ஒரு நாடகக் குழு தொடங்கினார். அதன் பெயரே 'ரதோஷினா வெகுளி நாடகக் குழு'. கோல்நீகோவா நடித்தது இந்தக் குழுவில்தான். அது தொடங்கிய ஆண்டில் அவருக்கு 42 வயது. நாம் பிள்ளைகளின் கல்யாணக் கவலையை ஆரம்பிக்கிற வயது அது.

"நான் ஊருக்குப் போகும்போது நீங்களும் வாருங்கள் பானி" என்றார் அந்தப் பெண். பானி என்றால் அம்மணி. அவர் மரியாதைக்குத்தான் சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன். நான் அன்றே பையை எடுத்து வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 25, வியாழன் – பிராட்டிஸ்லாவா

அவருடைய முறை நாளைதான் முடிகிறது. அதனால் ஒரு நாள் முன்னதாகவே நான் தனியாக வந்துவிட்டேன். நாடகம் பார்க்க வேண்டும். ரயிலில் ஒரு மணி நேரம். ஒரு நாட்டின் தலைநகரிலிருந்து இன்னொரு நாட்டின் தலைநகருக்கு வந்த உணர்வே இல்லை. மழை மட்டும் அங்கே தூறலாக இருந்தது, இங்கே சாய்வாக அடித்தது.

மதியச் சாப்பாடு பழைய நகரத்துக்கு வெளியே, அலுவலகக்காரர்கள் சாப்பிடும் இடத்தில். அன்றைய சாப்பாடு என்று ஒரு பலகையில் எழுதிப் போடுகிறார்கள்; சூப்பும் ஒரு பெரிய தட்டும் 8.50 யூரோ. இறைச்சி இல்லாதது எது என்று கேட்டேன். பரிமாறிய பையன் யோசித்துவிட்டு மூன்றாம் வரியைத் தொட்டான். பருப்பு சூப் வந்தது, நன்றாகவே இருந்தது. பின்னால் வந்த தட்டைப் பார்த்துத்தான் திகைத்தேன். விரல் நீளத்துக்கு உருட்டி வேகவைத்த உருளைக்கிழங்கு மாவு, அதன் மேல் வெண்ணெய், அதன் மேல் கரிய மண்ணைக் கொட்டியதுபோல் அரைத்த கசகசாவும் சர்க்கரையும். இனிப்பு! பாயசத்தில் கொஞ்சமாகப் போடுவதை இவர்கள் அள்ளிப் போட்டுச் சோறாகச் சாப்பிடுகிறார்கள். பக்கத்து மேசையில் கோட்டு போட்ட ஒருவர் அதையே மிகக் கடுமையான முகத்தோடு தின்றுகொண்டிருந்தார். முழுவதையும் முடித்தேன். பிறகு தங்கும் அறைக்குப் போய் இரண்டு மணி நேரம் தூங்கினேன். கசகசாவின் வேலையா, வயதின் வேலையா, தெரியாது.

எழுந்து தேசிய நாடக அரங்கின் பழைய கட்டடத்தை வெளியிலிருந்து பார்த்தேன். 1886இல் கட்டியது, அழகுதான். ஸ்லோவாக்கியத் தேசிய நாடக அரங்கு 1920 மார்ச் 1 அன்று தொடங்கியபோது முதல் நிகழ்ச்சியாக நடந்தது ஒரு செக் குழுவின் செக் மொழி ஓபரா. தங்கள் மொழியில் நடிக்கத் தெரிந்தவர்கள் அப்போது போதுமான அளவுக்கு இல்லை. அதன் பிறகு ஒரு தலைமுறை உட்கார்ந்து மேடைக்கான ஸ்லோவாக் உச்சரிப்பை உருவாக்கியது. நடிப்புப் பள்ளி வந்தது. திருத்தமாகப் பேசும் பெரிய நடிகைகள் வந்தார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நான் டிராம் ஏறி ரச்சியான்ஸ்கே மீதோ நிறுத்தத்தில் இறங்கினேன். ரதோஷினா குழு இப்போது இருப்பது அங்கே, ஷ்குல்தேதிஹோ தெருவில். குடியிருப்புகளுக்கு நடுவே, யாரையும் மிரட்டாத ஓர் அரங்கம்.

உள்ளே நுழைந்ததுமே திட்டு வாங்கினேன். மழைக்கோட்டை மாட்டியபடியே கூடத்துக்குள் போகப் பார்த்தேன். கதவருகே நின்ற அம்மாள் என் தோளைத் தொட்டு, கோட்டுகளை வாங்கி வைக்கும் இடத்தைக் காட்டினார். குளிர்கிறது என்று சைகை செய்தேன். அவரும் ஏதோ சைகை செய்தார். கோட்டோடு நாடகம் பார்ப்பவள் வெளியேறத் தயாராக இருக்கிறாள், அது நடிகர்களுக்கு அவமரியாதை என்பதாக நான் எடுத்துக்கொண்டேன். கழற்றிக் கொடுத்தேன். சுற்றிலும் எல்லாரும் கல்யாணத்துக்கு வந்தவர்கள்போல் உடுத்தியிருந்தார்கள். என் காலில் நனைந்த ஓட்டக் காலணி.

நாடகம் ஒரு சொல் புரியவில்லை. இதை வெட்கமில்லாமல் சொல்கிறேன். மேடையில் நாலைந்து பேர், சில நாற்காலிகள், ஒரு வாத்தியக் குழு. ஒருவர் ஏதோ சாதாரணமாகச் சொல்கிறார்; இருநூறு பேர் சரிகிறார்கள். நான் சுற்றிலும் பார்த்துவிட்டு அரை நொடி தாமதமாகச் சிரிக்கிறேன். பக்கத்து இருக்கைப் பெரியவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். எழுபத்தைந்து இருக்கும். ஒரு புதினா மிட்டாயை நீட்டினார். பிறகு எனக்காக உதவ ஆரம்பித்தார். "இவன் முட்டாள்" என்று ஆங்கிலத்தில் கிசுகிசுத்தார். ஐந்து நிமிடம் கழித்து, "இவனும்." இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "இவள் இல்லை." அதற்குமேல் அன்று எனக்குத் தேவைப்படவுமில்லை.

இடைவேளையில் கோல்நீகோவா என்ற பெயரைச் சொன்னேன். பெரியவர் கையிலிருந்த மதுக் கோப்பையை ஜன்னல் திண்டில் வைத்தார். பக்கத்திலிருந்த இரண்டு பெண்களைக் கூப்பிட்டு, "இந்த இந்தியப் பெண்மணிக்கு நம் கோல்நீகோவாவைத் தெரியும்" என்று அறிவித்தார். எனக்கு ஒரு சுவரும் ஒரு குரலும் மட்டும்தான் தெரியும், மறுக்க நேரமில்லை. மூவரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். பேச்சு அவரிடமிருந்து மற்றவர்களுக்குத் தாவியது. லசிட்சா, சத்தின்ஸ்கி என்ற இணையின் பெயர் வந்தது. 1968 சோவியத் படையெடுப்புக்குப் பிறகு எழுபதுகளின் தொடக்கத்தில் இந்த நகரத்தில் மேடையேற விடாமல் தடுக்கப்பட்ட நகைச்சுவையாளர்கள். லசிட்சா 2021 ஜூலையில் தன் அரங்கின் மேடையிலேயே சரிந்து இறந்துபோனார் என்று சொல்லும்போது ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவர்கள் புத்திசாலிகள்" என்றார் பெரியவர். "நாம் அவர்களைப் பார்த்து வியந்தோம். அவளைப் பார்த்தபோது யாரும் வியக்கவில்லை. வீட்டிலிருந்து யாரோ வந்து மேடையேறிவிட்டதுபோல் இருக்கும்."

மணி அடித்துவிட்டது. இரண்டாம் பாதியில் மூன்று இடத்தில் சரியான நேரத்துக்குச் சிரித்தேன். தற்செயல்தான்.

செப்டம்பர் 26, வெள்ளி – வேன்

டிக்கெட், பஸ், நேரம் என்றெல்லாம் எழுதக் கூடாது என்று நினைத்திருந்தேன். இதை எழுதாமல் இருக்க முடியாது.

வியன்னாவிலிருந்து பெண்களை ஏற்றிவரும் ஒன்பது பேர் வேன், பிராட்டிஸ்லாவா புறநகரில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் என்னை ஏற்றிக்கொள்ளும் என்று ஏற்பாடு. பதினொரு மணி என்றார்கள். பன்னிரண்டு இருபதுக்கு வந்தது. அதுவரை பெட்ரோல் வாடையில் நின்று, கோஃபோலா குடித்தேன். கம்யூனிச காலத்தில் கோலாவுக்குப் பதிலாகச் செய்தது. இன்றும் விடாமல் குடிக்கிறார்கள். கஷாயத்தில் சர்க்கரை போட்ட ருசி. இரண்டாவது புட்டியும் வாங்கினேன்.

வேனுக்குள் ஏழு பெண்கள். எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். இரண்டு வாரமாக இன்னொருவர் வீட்டில், இன்னொருவர் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அரைத்தூக்கம் தூங்கிவிட்டு வருகிறவர்கள். தூங்குவார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் தூங்கவில்லை. அலுமினியத் தாள் பிரிகிறது, ரொட்டியில் பொரித்த இறைச்சித் துண்டு, ஊறுகாய் வெள்ளரி, ஒரு டப்பாவில் நான்கு வகைக் கேக். எனக்கு இறைச்சி வேண்டாம் என்று தெரிந்ததும் கேக் டப்பா என் மடியிலேயே தங்கிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கத்துப் பெண், இப்போது என் தோழி, என்னை அறிமுகம் செய்தார். அதில் 'கோல்நீகோவா' என்ற சொல் மட்டும் புரிந்தது. உடனே முன்னிருக்கையிலிருந்து ஒருவர் திரும்பி, ஒரு குரலை எடுத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், சுவர் வழியாகக் கேட்ட அதே நடை. இழுப்பு, நிறுத்தம், அப்பாவியாக ஒரு கடைசிச் சொல். வேன் குலுங்கியது. ஓட்டுநர் தலையில் அடித்துக்கொண்டார், சிரித்துக்கொண்டே.

எனக்குச் சொல்லுங்கள் என்றேன். கைப்பேசியில் மொழிபெயர்ப்பை இயக்கி, அவர் மறுபடியும் சொன்னார். திரையில் வந்தது இது: "அந்தப் பெண் தன் கோழியை ஓய்வூதியத்துக்கு அனுப்பினாள், ஆனால் அது திங்கட்கிழமை இல்லை." நான் அதைத் தமிழாக்கி வாய்விட்டுப் படித்தேன். தமிழில் கேட்டதற்கும் அவர்கள் சிரித்தார்கள். தமிழில் யாரும் அந்த வேனில் இதற்குமுன் நகைச்சுவை சொன்னதில்லையாம்.

ஒவ்வொருவரையும் வீட்டு வாசலில் இறக்கிவிட வேண்டும் என்பதால் ஒன்றரை மணி நேரப் பயணம் நாலு மணி நேரமாகியது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு நாய், ஒரு கணவர் அல்லது ஒரு பூட்டு. இறங்கும்போது எல்லாரும் எல்லாரிடமும் விடைபெறுகிறார்கள். வாசலுக்குப் போனதும் முகம் மாறிவிடுகிறது. வேலைக்காரியிலிருந்து வீட்டுக்காரியாகிற அந்த ஒரு நொடியை ஏழு முறை பார்த்தேன்.

செப்டம்பர் 27, சனி – ரதோஷினா

பொவாஷ்ஸ்கி இனோவெட்ஸ் என்ற மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது தோழியின் ஊர். சிகரம் 1,042 மீட்டர்தான். காடு மட்டும் தொடர்ந்து கிடக்கிறது. ஒரு காலத்தில் நித்ரா ஆயர்களுக்குச் சொந்தமான ஊர், திராட்சைத் தோட்டங்களுக்குப் பெயர் போனது. கிளெவ்னர் என்ற சிவப்பு மது இங்கே புகழ்பெற்றது. இங்கிலாந்து ராணியின் மேசைக்கே போனது என்று சொல்லிக்கொள்கிறார்கள். ராணி என்ன சொன்னாராம் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள்.

வாசலில் காலணியைக் கழற்றியதும் வீட்டுச் செருப்பு கொடுக்கிறார்கள். விருந்தாளிக்கென்று வைத்திருப்பது ஆண் அளவு. நாள் முழுவதும் படகுபோல் இழுத்துக்கொண்டு நடந்தேன். காலை எட்டு மணிக்கு ஒரு சின்னக் கண்ணாடிக் கோப்பையில் ஸ்லிவோவிட்சா. நீலப் பிளம்ஸைப் புளிக்கவைத்து வடித்த சாராயம். குடிப்பதில்லை என்றேன். "இது குடி இல்லை, மருந்து" என்றார் தோழியின் அண்ணன். உதட்டில் வைத்துவிட்டு வைத்தேன். உதடு அரை மணி நேரம் எரிந்தது.

முற்றத்தில் பெரிய செம்புக் கொப்பரை. பிளம்ஸ் காலம் முடிகிறது, லெக்வார் கிண்டுகிறார்கள். சர்க்கரையே போடாமல் பழத்தை மட்டும் மணிக்கணக்காகக் கிண்டி, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத கறுப்புக் களியாக்குகிறார்கள். அடி பிடித்தால் எல்லாம் போச்சு. அதனால் யாராவது ஒருவர் துடுப்பை விடாமல் சுற்ற வேண்டும், சுற்றுபவருக்குத் துணையாக மற்றவர்கள் கதை பேச வேண்டும். அல்வா கிண்டிய கை இது, ஒரு மணி நேரம் நானும் சுற்றினேன். தெருக் குழந்தைகள் என்னையும் 'தெதா' என்றே கூப்பிட்டார்கள்.

பக்கத்து வீட்டிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். நிதானமான ஆங்கிலம். எனக்குக் கிடைத்த முதல் முழுமையான விளக்கம் அவரிடமிருந்துதான்.

ஸ்லோவாக் எழுத்துமொழியை லியுதோவித் ஷ்தூரும் நண்பர்களும் 1843இல் வகுத்தபோது நடு ஸ்லோவாக்கிய வட்டாரப் பேச்சை அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். இந்த மேற்குப் பக்கத்துப் பேச்சு அதற்கு வெளியே நின்றுவிட்டது. பள்ளியிலும் வானொலியிலும் தேசிய மேடையிலும் அந்த மொழி. அடுப்படியிலும் தோட்டத்திலும் இந்த மொழி. "நாற்பது வருஷம் காலையில் பிள்ளைகள் பேச்சைத் திருத்தினேன்" என்றார். "மாலையில் நாடகத்துக்குப் போய், நான் திருத்திய அதே பேச்சைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். கோல்நீகோவா வாயைத் திறந்தால் என் பாடம் எல்லாம் வீண்."

குழுவின் முதல் நாடகம் 1963இல். 1970இல் வந்ததுதான் நாட்டையே திரும்பிப் பார்க்கவைத்தது. யானோஷீக் என்பவன் ஸ்லோவாக்கியர்களின் மாவீரக் கொள்ளைக்காரன்; பணக்காரனிடம் பிடுங்கி ஏழைக்குக் கொடுத்தான் என்பது கதை. 1713இல் அவனைத் தூக்கிலிட்டார்கள், விலாவில் கொக்கி மாட்டித் தொங்கவிட்டதாகச் சொல்வார்கள். பாட்டு, ஓவியம், பள்ளிப் புத்தகம் எல்லாவற்றிலும் அவன் மலைமேல் நிமிர்ந்து நிற்பான். ஷ்தெப்கா அவனைக் கீழே இறக்கிக் கேலி செய்தார். தலைப்பு 'யாஅஅனோஷீஇஇக்'. தலைப்பிலேயே அளபெடை! மலை உச்சியிலிருந்து கூவியழைப்பதுபோல் எழுதியிருக்கிறார்கள். ஆசிரியர் ஒரு காகிதத்தில் மூன்று உயிரெழுத்தை வரிசையாக எழுதிக் காட்டியபோது, எங்கள் மொழியில் இதற்கு இலக்கணமே இருக்கிறது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. குறள் ஒன்றை எழுதிக் காட்டி நீட்டிப் படித்தேன். அதன் பிறகுதான் என்னைச் சமமாக நடத்தினார்.

டாங்குகள் வந்து இரண்டு வருடம்போல் ஆன நேரத்தில், வீரனைக் கேலி செய்யும் நாடகம். எப்படி விட்டார்கள் என்றேன். "வெகுளி என்று பெயர் வைத்திருந்தார்களே" என்றார். "வெகுளிக்குத் தண்டனை கொடுத்தால், கொடுப்பவன் முட்டாளாகத் தெரிவான்." இது அவர் கருத்து. முழுக்க அப்படியே இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் நேற்று வேனில் ஒருவர் எடுத்த குரலின் அந்தக் கடைசி அப்பாவித்தனம் நினைவுக்கு வந்தது. அதில் கத்தி இருந்தது, உறைக்குள்.

சாயங்காலம் தொலைக்காட்சியைச் சுற்றிப் பதினோரு பேர். பழைய பதிவுகள். இப்போதுதான் அவரை முழு உருவமாகப் பார்க்கிறேன். கதை சொல்லும்போது உடம்பு அசைவதே இல்லை. சிரிக்கவைக்கிறவர்கள் செய்கிற ஒன்றையும் செய்யவில்லை. கண்ணைச் சுழற்றவில்லை, தான் சொன்னதற்குத் தானே சிரிக்கவில்லை. சந்தையிலிருந்து வந்து செய்தி சொல்பவர்போல் சொல்கிறார். கூட்டம் சிரித்து அடங்கும்வரை, இவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் காத்திருக்கிறார். சுவர் வழியாக நான் கேட்ட மௌனம் அதுதான்.

தோழி திரையைப் பார்க்கவே இல்லை. சொற்கள் எல்லாம் மனப்பாடம். கொப்பரையைக் கழுவிக்கொண்டே உதட்டை அசைத்தார். "என் அம்மா சிரித்து நான் பார்த்தது குறைவு" என்றார் பிறகு. "இவர் வந்தால் மட்டும் முந்தானையில் வாயை மூடிக்கொள்வார்." முந்தானை என்று நான் எழுதுகிறேன், அவர் காட்டியது ஏப்ரன் நுனியை.

வேனில் கேட்ட அந்தத் துணுக்கை விளக்கச் சொல்லி ஆசிரியரைக் கேட்டேன். ஒரு சொல்லைக் கிராமத்துப் பாங்கில் சொன்னால் ஒன்று, பள்ளிக்கூடத்துப் பாங்கில் சொன்னால் வேறொன்று. நான்கு விதமாக முயன்றார். ஐந்தாவது முறை பாதியில் நிறுத்தி, "மன்னியுங்கள். இலக்கணப் பாடமாகிவிட்டது" என்றார். பதினோரு பேரும் அதற்குச் சிரித்தார்கள். நானும், அவர்களோடு சேர்ந்தே.

செப்டம்பர் 28, ஞாயிறு – காட்டுக் கோயில்

காலையில் தேவாலயம், மதியம் கோழி சூப், பொரித்த இறைச்சி, உருளைக்கிழங்கு சாலட். ஞாயிறன்று இந்த நாடு முழுவதும் இதையேதான் சாப்பிடும் என்றார்கள். எனக்குப் பொரித்த பாலாடைக்கட்டி. மூன்றாவது துண்டை மறுத்தபோது வீடே வருந்தியது.

பக்கத்து ஊரான நித்ரியான்ஸ்கா பிளத்னிட்சாவுக்கு மேலே காட்டுக்குள் புனித ஜார்ஜ் கோயில் இருக்கிறது. வட்ட வடிவம், மாமொராவியா என்ற பழைய அரசின் காலத்தது என்று கருதுகிறார்கள். ஆயிரம் ஆண்டுக்குமேல் பழையது. பார்த்தேன், சின்னது, அழகு. நேற்றைய மழையில் பாதை வழுக்கியது. இறங்கும்போது விழுந்தேன். முழங்கால் தேய்ந்து வீங்கியது. எனக்கு முன்பின் தெரியாத இரண்டு இளைஞர்கள் ஆளுக்கொரு கையாகப் பிடித்து, ஒரு வார்த்தையும் பேசாமல் கார்வரை கொண்டுவந்து விட்டு, தலையசைத்துப் போய்விட்டார்கள். இங்கே உதவி செய்கிறவர்கள் சிரிப்பதில்லை. முதலில் கோபமாக இருக்கிறார்களோ என்று பயப்படுவேன், இப்போது பழகிவிட்டது.

வீட்டில் அண்ணன் ஸ்லிவோவிட்சா புட்டியோடு தயாராக நின்றார். இந்த முறை மறுக்கவில்லை. துணியில் நனைத்து முழங்காலில் கட்டினார்கள். மருந்துதான்.

செப்டம்பர் 29, திங்கள் – பியெஷ்தியானி

பஸ் கால அட்டவணையில் ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் சின்னச் சின்னக் குறிகள். குறுக்காக இரண்டு சுத்தியல், ஒரு சிலுவை, வட்டத்துக்குள் எண். நிறுத்தத்தில் நின்று எட்டே முக்கால் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். ஒன்பதரை ஆயிற்று. குப்பை வண்டி ஓட்டுநர் ஒருவர் நிறுத்தி, அட்டவணையில் சிலுவையைத் தொட்டு, இரண்டு கையையும் கூப்பிக் காட்டினார். சிலுவை போட்டது ஞாயிறும் விடுமுறை நாளும் ஓடும் பஸ். சுத்தியல் போட்டதுதான் வேலை நாள். கம்யூனிசம் போனாலும் சுத்தியல் போகவில்லை.

மலையைக் கடந்து பியெஷ்தியானிக்கு வந்தபோது மதியம். வெந்நீர்ச் சேற்றுக் குளியலுக்குப் பெயர்போன ஊர். பாலத்தருகே ஒரு சிலை. நோய் தீர்ந்தவன் ஊன்றுகோலை முழங்காலில் வைத்து உடைக்கிறான். பாலத்தில் 'எழுந்து நட' என்று லத்தீனில் எழுதியிருக்கிறது. என் முழங்காலோடு அதைப் படித்தது கேலியாகவே பட்டது. ஊரின் வட்ட வேஃபர் பிஸ்கட் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன். இந்த ரயிலில் 62 வயது நிரம்பியவர்களுக்குப் பயணம் இலவசம், ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தவர்களுக்கு மட்டும். எனக்கு வயது சரியாக இருந்தது, பாஸ்போர்ட் சரியாக இல்லை.

அக்டோபர் 1, புதன் – வியன்னா

தோழி கொடுத்தனுப்பிய லெக்வார் புட்டிகள் இரண்டு. ஒன்று எங்களுக்கு, ஒன்று சுவருக்கு அந்தப் பக்கத்துப் பாட்டிக்கு. ஏழரை மணிக்குச் சரியாகக் குரல் ஆரம்பித்தது. தோழிதான் ஊரில் இருக்கிறாரே என்று எனக்கு ஒரு கணம் குழப்பம். புட்டியை எடுத்துக்கொண்டு நொண்டியபடி போய் மணியடித்தேன்.

முறை மாறி வந்திருந்த பெண் கதவைத் திறந்தார். இவர் நாட்டின் கிழக்குக் கோடி, வேறு பேச்சு. கையில் சூப் கரண்டி, உள்ளே மேசைமேல் கைப்பேசி, அதில் அதே பாட்டி. புட்டியைக் காட்டி ரதோஷினா என்றேன். உள்ளே இழுத்து உட்காரவைத்தார்.

கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்த வியன்னாப் பாட்டியை முதன்முறையாகப் பார்க்கிறேன். ஸ்லோவாக் புரியுமா என்று அவரிடம் ஜெர்மனில் கேட்டேன். ஒரு சொல்கூடத் தெரியாது என்றார், என்னைக் கொஞ்சம் எரிச்சலோடு பார்த்து. நான் பேசியதில் எதையோ தவறவிட்டுவிட்டாராம். விரலை உதட்டில் வைத்தார்.

திரையில் கோல்நீகோவா நிறுத்தினார். கரண்டியோடு நின்ற பெண் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் கட்டிலிலிருந்து இருமலோடு சிரிப்பு வந்துவிட்டது.